பயமும் மரியாதையும்

"இந்தக் காலத்துப் பையன்களுக்கு வாத்தியாரிடம் பயம் கிடையாது, அதனால்தான் படிப்பும் உருப்படவில்லை, விளையாட்டும் உருப்படவில்லை" என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வெகு காலமாக உலவி வருகிறது. பனவடலிசத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையிலும் அதைக் கேட்கலாம். சென்னையில் குளிர்பதன அறைக்குள் கூடுகிற சங்கக் கூட்டங்களிலும் அதைக் கேட்கலாம். சொல்கிறவர்களின் உடை மாறுமே தவிர அபிப்பிராயம் மாறாது. நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இது தவறான அபிப்பிராயம் மட்டுமல்ல, தீங்கான அபிப்பிராயம் என்றும் சொல்லத் துணிகிறேன்.

தலைக்கவசம் போடாமல் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் போலீஸ் ஜீப்பைக் கண்டதும் வண்டியைச் சந்துக்குள் திருப்பி விடுகிறானே, அது போலீசிடம் அவன் வைத்திருக்கும் மரியாதையா? ஜீப் போன பிறகு அவன் என்ன பேசுகிறான் என்பதைக் கூட நின்று கேட்டுப் பாருங்கள். பயம் என்பது ஆள் எதிரே நிற்கிற வரையில்தான். ஆள் மறைந்த பிறகும் மிஞ்சி நிற்பது எதுவோ அதற்குத்தான் மரியாதை என்று பெயர். இந்த இரண்டையும் நாம் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். வேறெந்தத் துறையையும்விட விளையாட்டில் இந்தக் குழப்பம் நம்மை அதிகமாகக் கெடுத்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் விளையாட்டு என்றால் முதலில் சடுகுடு. கபடி என்று பெயர் நிலைத்து, மண் தரைக்குப் பதிலாக விரிப்பு வந்து, டெலிவிஷனிலும் காட்டியாகிவிட்டது. ஆனாலும் ஊர்ப் பெரியவர்களின் வாயில் அது இன்னும் சடுகுடுதான். கோயில் கொடை வந்தால் பந்தயம் உண்டு. குழல் விளக்குகளைக் கட்டி, ஒலிபெருக்கியில் ஒருவர் விடிய விடியத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருப்பார். சுற்று வட்டாரத்திலிருந்து அணிகள் வந்து இறங்கும். அந்த அணிகளைத் தயார் செய்கிற மனிதர்களைப் பல வருஷங்களாகக் கவனித்து வந்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு ஆட்டத்தைவிட ஆட்களைப் பார்ப்பதில்தான் ருசி அதிகம்.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். ஒருவர் தம் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். மெடல்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர். கழுத்தில் விசில், கையில் வேப்பங்குச்சி. காலை ஐந்து மணிக்குப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அவர் மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போனாரென்றால், அந்த வாரம் முழுவதும் மைதானத்தில் வெள்ளாடுகள் மட்டுமே பயிற்சி செய்துகொண்டிருக்கும்.

மற்றொருவர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஆட்டக்காரராக அவர் சுமார்தான். அதை அவரே சொல்வார். தறி வேலை முடிந்து பஞ்சுத் தூசி படிந்த சட்டையோடு வந்து நிற்பார். முதல் ஒரு மாதம் அவர் யாருக்கும் எதையும் கற்றுக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் பையன் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறான், எவன் மூச்சு எப்போது தளர்கிறது, எவன் காலையில் பழைய சோறுகூடக் குடிக்காமல் வந்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒரு நாள், பாடிப் போய் அடிக்கடி அவுட்டாகிக்கொண்டிருந்த ஒரு முரட்டுப் பையனைக் கூப்பிட்டு, இனிமேல் நீ பாடிப் போக வேண்டாம், இடது மூலையில் நின்று கணுக்காலைப் பிடி என்றார். அந்தப் பையன் கையில் அகப்பட்ட கால் அதன் பிறகு நழுவியது அபூர்வம்.

நான் வியந்து நின்றது அதற்காக அல்ல. விரிப்பு வந்தபோது நடந்ததுதான் விஷயம். மண்ணில் ஆடுவது வேறு, விரிப்பில் ஷூ போட்டு ஆடுவது வேறு. காலை ஊன்றித் திரும்புகிற வேகமே மாறிவிடுகிறது. தறிக்காரருக்கு அது தெரியாது. கல்லூரி அணியில் சேர்ந்து ஒரு வருஷம் விரிப்பில் ஆடிவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த பத்தொன்பது வயதுப் பையனிடம், எல்லோருக்கும் முன்னால், "எனக்கு முதல்ல சொல்லிக் குடுடே" என்று கேட்டார். நாற்பது வயது மனிதர் முழங்கால் தேய விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். ஒரு பையன்கூடச் சிரிக்கவில்லை. அவரை அவர்கள் 'சார்' என்று கூப்பிடுவதில்லை. 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வராத நாட்களிலும் பயிற்சி நடக்கிறது.

இந்த இருவரில் யாரை ஊர் அணிக்கு வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது பெரியவர்கள் எவ்விதத் தயக்கமுமின்றி விசில்காரரையே தேர்ந்தெடுத்தார்கள். நான் மறுத்துப் பேசினேன். ஒரு பெரியவர் என்னைத் தட்டிக் கொடுத்து, "நீரு கதை எழுதுத ஆளு, உமக்கு இரக்கம் சாஸ்தி. நாலு சாத்து சாத்துனாத்தான் வே பயலுவ வழிக்கு வருவானுவ" என்றார்.

"அண்ணாச்சி, போன வருசம் சாத்துனாரே, அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க இருக்கானுவ?"

"ஒருத்தன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். இன்னொருத்தன் ஆட்டத்துக்கே வர மாட்டேங்கான்."

"அப்ப வழிக்கு வரலையே, போயிட்டானுவளே?"

பெரியவர் டீயைக் குடித்து முடித்தார். முடிவு மாறவில்லை.

தறிக்காரரைப் போன்ற மனிதர்களை நான் ஏதோ கிராமத்து அதிசயமாகச் சொல்வதாக வாசகர்கள் நினைக்கக் கூடாது. இந்தியக் கால்பந்து வரலாற்றிலேயே மிகச் சிறந்த பயிற்சியாளர் என்று நான் கருதுகிற சையத் அப்துல் ரஹீம் இதே ஜாதி மனிதர்தான். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆட்டக்காரராக அவருக்குப் பெரிய பெயர் ஒன்றும் கிடையாது. அவர் உருவாக்கிய ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குக் கால்பந்தில் தங்கம். பயிற்சியாளர் ரஹீம்.

அந்த இடத்திலேயே அவர் நின்றிருக்கலாம். "எனக்குத் தெரிந்தது போதும், இதைக் கொண்டுதானே ஜெயித்தேன்" என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மண்ணைக் கவ்வ வைத்தது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். வெறுங்கால் நம் பெருமை என்று பேசியவர்கள் அப்போதும் உண்டு. அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. பூட்ஸ் மாட்டினால் போதுமா? வெறுங்காலில் பழகிய உடம்பு அத்தனையும் வேறு மாதிரிப் பழக வேண்டும். பையன்களோடு சேர்ந்து ரஹீமும் மாற வேண்டியிருந்தது. ஆட்களை நிறுத்துகிற முறையையும், பந்தைக் கடத்துகிற வேகத்தையும் காலத்துக்குத் தக்கவாறு அவர் மாற்றிக்கொண்டே போனார். அதன் பலன் 1956-ல் மெல்போர்னில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் நான்குக்கு இரண்டு என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. இந்தத் தடவை நான்குக்கு ஒன்று. தோல்விதான், ஆனால் பத்துக்கும் நாலுக்கும் இடையில் ஒரு மனிதரின் நான்கு வருஷ உழைப்பு இருக்கிறது. ஒலிம்பிக் கால்பந்தில் நான்காம் இடம். அதற்கு மேல் இந்தியா என்றும் போனதில்லை.

1962-ல் ஜாகர்த்தா. ரஹீமுக்கு அப்போது புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோற்றாயிற்று. தாய்லாந்தோடு ஆடும்போது பின்வரிசையின் தூணாக இருந்த ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல். போதாக்குறைக்கு, இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததைக் கண்டித்து இந்திய அதிகாரி சோந்தி பேசியதால் ஊரே இந்தியர்கள் மீது கொதித்துக்கொண்டிருந்தது. நம்மூர்ப் பெரியவர்களின் சூத்திரப்படி இந்த நிலைமையில் என்ன செய்திருக்க வேண்டும்? நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். ரஹீம் என்ன செய்தார்? பின்வரிசைக்காரரான ஜர்னெயில் சிங்கை, தையல் போட்ட தலையோடு, முன்வரிசை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியத்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். சுமார் லட்சம் பேர் கூடிக் கூச்சலிட்ட மைதானத்தில் அதே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். ஒரு கோல் பி. கே. பானர்ஜி, மற்றொன்று ஜர்னெயில்.

யோசித்துப் பாருங்கள். தலையில் ஆறு தையலோடு இருக்கிறவனிடம், உனக்குப் பழக்கமில்லாத இடத்தில் போய் நில், பந்தைத் தலையால் முட்டு என்று சொல்கிறார் ஒருவர். அவனும் போய் நிற்கிறான். இதைப் பயத்தைக் கொண்டு சாதிக்க முடியுமா? பயந்தவன் தையலைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. இந்த மனிதர் சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்கிற நம்பிக்கை வருஷக்கணக்காக ஊறியிருந்தால்தான் அவன் போவான்.

ரஹீம் 1963 ஜூனில் காலமானார். அவர் கையில் வளர்ந்தவர்களே பிறகு பயிற்சியாளர்களானார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்ட தமிழர் சைமன் சுந்தரராஜ், 1973-ல் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையைப் பயிற்சியாளராக இருந்து வாங்கிக் கொடுத்தார். குச்சிக்கு வாரிசு உண்டாவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

"அதெல்லாம் சரி, பெரிய ஆட்டக்காரன் சொன்னால்தானே பையன்கள் கேட்பார்கள்?" என்பது அடுத்த வாதம். இதற்கும் பதில் இருக்கிறது, கிரிக்கெட்டில் இருக்கிறது. 2005-ல் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் கிரெக் சாப்பல். 87 டெஸ்ட், 24 சதம். ஆட்டக்காரர் என்ற முறையில் அவரோடு ஒப்பிடக் கூடியவர்கள் உலகத்திலேயே சிலர்தான். வந்த சில மாதங்களில் காப்டன் கங்குலியைப் பற்றி அவர் கிரிக்கெட் போர்டுக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அணிக்குள் ஒருவரை ஒருவர் நம்பாத நிலைமை. 2007 உலகக் கோப்பையில் பங்களாதேஷிடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றோடு வீடு திரும்பினோம். சாப்பல் ராஜிநாமா செய்தார். அவரைச் சர்க்கஸில் மிருகங்களை ஆட்டி வைக்கிறவருக்கு ஒப்பிட்டு டெண்டுல்கர் தம் சுயசரிதையில் எழுதினார். டெண்டுல்கர் வாய் திறந்து ஒருவரைக் குறை சொல்வது எவ்வளவு அபூர்வம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அவருக்குப் பின் 2008-ல் வந்தவர் காரி கிர்ஸ்டன். நல்ல ஆட்டக்காரர்தான்; ஆனால் சாப்பலின் புகழ் அவருக்கு இல்லை. பயிற்சியாளராக அனுபவமும் அதிகமில்லை. அவர் செய்த காரியம் மிகவும் சாதாரணமானது. வலைப் பயிற்சியில் மணிக்கணக்காகத் தாமே பந்து எறிந்துகொண்டிருந்தார். கூலியாள் செய்கிற வேலை என்று நாம் நினைக்கிற வேலை. உலகக் கோப்பையில் நடுவரிசைக்குத் தள்ளப்பட்டு மனம் நொந்திருந்த டெண்டுல்கரிடம், உங்களுக்கு எது சௌகரியம் என்று கேட்டார். 2010 பிப்ரவரியில் குவாலியரில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய டெண்டுல்கர், ஆண்களின் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம் அடித்தார். 2011 ஏப்ரல் 2-ந் தேதி பம்பாயில் உலகக் கோப்பை வந்தது; ஆட்டக்காரர்கள் கிர்ஸ்டனைத் தோளில் தூக்கி வைத்து மைதானத்தைச் சுற்றினார்கள். தூக்கச் சொல்லி யாரும் விசில் ஊதவில்லை.

ஆனால் இதே கிர்ஸ்டன் 2024 ஏப்ரலில் பாகிஸ்தான் அணிக்குப் பயிற்சியாளராகி, அக்டோபரில் ராஜிநாமா செய்துவிட்டார். ஆள் அதே ஆள்தான். அணியைத் தேர்ந்தெடுப்பதில் பயிற்சியாளருக்கு இருந்த பங்கைச் சபையார் பிடுங்கிக்கொண்டார்கள். மாலை போட்டு அழைத்து வந்துவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி வைத்தால் எவன்தான் என்ன செய்வான்? ஆகையால் என் கோபம் குச்சி வைத்திருக்கிற வாத்தியார் மீது மட்டுமல்ல; வாத்தியாரை நியமிக்கிறவர்கள் மீதுதான் அதிகம். தோற்றால் ஆளை மாற்று, மறுபடி தோற்றால் மறுபடி மாற்று என்று நாற்காலி விளையாட்டு ஆடுகிறார்கள். பொறுத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. ஸ்டீபன் ஃபிளெமிங் 2009-ல் சென்னை அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து பட்டங்கள். 2018-ல் 'கிழவர் படை' என்று எல்லோரும் கேலி செய்த முப்பது கடந்த ஆட்களை வைத்துக்கொண்டு ஜெயித்தார். 2025-ல் அதே முறை பலிக்காமல் அணி கடைசி இடத்துக்குப் போனபோது, பருவத்தின் நடுவிலேயே ஆயுஷ் மாத்ரேயைப் போன்ற பதினேழு வயதுப் பையனைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஒரேயடியாகப் பொறுத்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான் என்பதை மறைக்கவில்லை. அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் பயிற்சியாளருக்கு மானேஜர் என்று பெயர். ஆட்டக்காரர்கள் அணிகிற அதே சீருடையை மானேஜரும் அணிந்து மைதானத்தில் உட்காருவது வழக்கம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். கானி மாக் என்ற மானேஜர் மட்டும் கோட்டும் டையுமாக உட்காருவார். பிலடெல்பியா அணிக்கு 1901 முதல் 1950 வரை ஐம்பது வருஷம் அவரே மானேஜர். மென்மையாகப் பேசுகிறவர், நல்லவர், ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர். ஆனால் கடைசிப் பதினைந்து வருஷங்களில் அணி பெரும்பாலும் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. அவரை எழுந்திருங்கள் என்று சொல்ல ஆளில்லை. ஏனென்றால் அணியின் சொந்தக்காரர்களில் அவரும் ஒருவர்! எண்பத்தேழு வயதில் எழுந்தார்.

கண்டிப்பே வேண்டாமென்று நான் சொல்வதாகத் திரிக்கிற அன்பர்கள் இருப்பார்கள். ரஹீம் கண்டிப்பானவர்தான். எங்கள் தறிக்காரரும் தாமதமாக வருகிற பையனை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார். ஆனால் அவர் தாமதமாக வந்த அன்று அவரே எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றார். தஞ்சாவூர் ஜில்லாக்காரரான தர்மராஜ் சேரலாதன் 2016-ல் தம் நாற்பத்தோராம் வயதில் பாட்னா கபடி அணிக்குக் காப்டனாக இருந்து பட்டம் வென்றார். தம் வயதில் பாதிகூட ஆகாத பையன்களோடு அதே விரிப்பில் விழுந்து புரண்டவர். வடக்கத்திப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றுதான் அழைத்தார்கள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவர்களுக்கு யாரும் பிரம்பு காட்டிக் கற்றுக் கொடுக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்தவர்கள் நம் தகப்பனார்கள். 2009-ல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்த பிறகும், அந்த வாசகத்தைப் பெருமையோடு சொல்கிற தகப்பன்மார்களைப் பார்க்கிறேன். அவர்களேதான், பையன் விளையாட்டு வாத்தியாரோடு இரண்டு மணி நேரம் மைதானத்தில் இருந்துவிட்டு வந்தால், "அந்த ஆளுக்கு வேற வேலை என்ன?" என்று கேட்கிறார்கள். கணக்கு வாத்தியாரிடம் ஒரு குரல், டிரில் வாத்தியாரிடம் ஒரு குரல். பள்ளிகளும் லேசுப்பட்டவை அல்ல. பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை வருகிறதென்று பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாத்தியாரைக் கொடி கட்டவும், வரிசை ஒழுங்கு பார்க்கவும், மந்திரி வந்தால் நாற்காலி போடவும் அனுப்புகிற பள்ளிக்கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். பையன்களுக்குக் கண் இல்லையா? தலைமை ஆசிரியர் மதிக்காத மனிதரை, தகப்பன் மதிக்காத மனிதரை, பையன் மட்டும் எங்கிருந்து கொண்டுவந்து மதிப்பான்? மிச்சமிருப்பது விசிலும் குச்சியும்தான். அவர் அதை எடுத்துக்கொள்கிறார்.

அடுத்த முறை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, மார்க்குப் பட்டியலை வாங்கிக்கொண்ட கையோடு, விளையாட்டு வாத்தியார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வாசலில் நின்று உங்கள் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று கை காட்டினாரே, அவர்தான்.